வயிற்றை உள்ளிழுத்த நாற்பதாவது ஆள்

அந்த ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவளை ஊசியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பதினெட்டு வருடமாக ரத்தம் எடுக்கிறாள். அவள் குத்தினால் குழந்தைகூட அழாது. அவள் முறைத்தால் டாக்டருக்கே அழுகை வந்துவிடும்.

அப்போது அங்கே ஆரோக்கியமானவர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. மூன்று வம்சாவளிகள், தலா நாற்பது பேர். ஒரே வயது, ஒரே எடை என்றாலும் எல்லார் உடம்பும் இன்சுலின் பேச்சை ஒரே மாதிரி கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். தன் வம்சாவளி ஆட்கள் நாற்பது பேரைப் பிடிக்க ஊசியக்கா நாயாய்ப் பேயாய் அலைந்தாள். காரணம் அவள் தம்பி. குச்சி மாதிரி இருப்பான். இந்த உடம்புக்கா சர்க்கரை வரும் என்று எந்த டாக்டரும் சோதிக்கவில்லை. கண்டுபிடித்தபோது ஒரு கண் போயிருந்தது. அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

நாற்பதாவது ஆள் தெருமுனைத் தையற்காரர். ஆய்வின் கடைசி நாள் காலையில் வந்து உட்கார்ந்தார். கையைப் பிடித்தாள், நாடி குதித்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"ஓடி வந்தீங்களாண்ணே?"

"சும்மா... ஆறு மாடியும் நாலு தடவ ஏறி எறங்கினேன். மூணு நாளா சாப்பாடும் பாதிதான். நம்ம ஆளுங்க மானம் போகக் கூடாதுல்ல? நல்ல மார்க் வாங்கணும்."

ஊசியக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. எப்போதும்போலச் சாப்பிடுங்கள், எப்போதும்போல இருங்கள், முந்தின இரவு மட்டும் பட்டினி என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். மனுஷன் பரீட்சைக்குத் தயாராகி வந்திருக்கிறார்! பேசாமல் எடுத்துவிட்டால் நாற்பது முடிந்துவிடும், யாருக்கும் தெரியாது. கையில் எடுத்த ஊசியைக் கீழே வைத்தாள்.

"அளவெடுக்கும்போது தொந்திக்காரன் என்ன பண்ணுவான்ணே?"

"மூச்சப் புடிச்சு வயித்த உள்ள இழுத்துப்பான்."

"அந்த அளவுக்குத் தைச்சா?"

"பட்டன் தெறிச்சு என் மூஞ்சியில அடிக்கும்." சிரித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"எந்த எடையிலேர்ந்து நம்ம பிள்ளைங்களுக்குச் சோதிக்கணும்னு இத வச்சுத்தான் முடிவு பண்ணுவாங்க. நீங்க மாடி ஏறி, சாப்பாட்டக் கொறச்சு, வயித்த இழுத்துப் புடிச்சு நிக்கிறீங்க."

விஷயம் தெரிந்ததும் டாக்டர் காச்சுமூச்சென்று கத்தினார். ஊசியக்கா அசையவில்லை.

"ஒரு வாரம் தாங்க டாக்டர். இல்லன்னா முப்பத்தொன்பதுன்னே எழுதிக்குங்க. இந்த ரத்தத்த நான் எடுக்க மாட்டேன்."

முணுமுணுத்துக்கொண்டே டாக்டர் ஒரு வாரம் கொடுத்தார்.

அடுத்த வாரம் தையற்காரர் ஆடி அசைந்து வந்தார். "வயித்த விட்டுட்டேன் தங்கச்சி, அளந்துக்க" என்று கையை நீட்டினார். சர்க்கரைத் தண்ணீரைக் குடித்துவிட்டு, அவள் அரை மணிக்கொரு தடவை குத்தக் குத்த, இரண்டு மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்திருந்தார்.

முடிவு வந்தது. சர்க்கரை சரியாகத்தான் இருந்தது. ஆனால் அதைச் சரியாக வைக்க, அதே எடையுள்ள வேறு வம்சாவளிக்காரரைவிட இரண்டு மடங்கு இன்சுலினை அவர் உடம்பு சுரந்து தள்ளியிருந்தது. பின்னால் சர்க்கரை நோய் வரலாம் என்பதற்கு அது முன்னெச்சரிக்கை. தையற்காரரின் முகம் விழுந்துவிட்டது.

"ஃபெயிலாம்மா?"

"இல்லண்ணே" என்றாள் ஊசியக்கா. "என் தம்பிக்கு இத யாரும் அளக்கல. உங்களுக்கு முன்னாடியே அளந்தாச்சு."