வாசல் இருந்த இடம்

இங்கிலாந்தின் சட்டனில் புது வீடுகள் கட்டத் தோண்டிய நிலத்தில் இரும்புக்கால வட்டக் குடிசை ஒன்றின் தடம் தெரிகிறது. களிமண்ணில் தூண் நட்ட குழிகள் கறுப்பாக வளைந்து செல்கின்றன. நடுவில் அடுப்பு எரிந்த மண் இன்னும் சிவப்பாக இருக்கிறது.

மண்வெட்டும் மெஷின் ஓட்டும் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர், பார்க்கப் போன எனக்குக் கிழக்கே கை காட்டுகிறார். "அந்த ரெண்டு குழியும் பெரிசு, பாருங்கோ. அதுதான் வாசலாம்."

"இத்தனை காலம் கழிச்சும் தெரியுதே!" என்கிறேன்.

"ஓம். சண்டைக்குள்ள எங்கட வீட்டை இடிச்சு மட்டமாக்கிப் போட்டாங்கள். போன வருசம் போய்த் தேடினனான். வாசல் எந்தப் பக்கம் எண்டே கண்டுபிடிக்க ஏலேல்லை."

மெஷின் நிற்கும் பக்கம் தலையசைக்கிறார். "ஆய்வுக்காரர் இதை அளந்து முடிச்சிட்டினம். நாளைக்கு நான்தான் மெஷினால வழிச்சு மட்டமாக்கப்போறன்."

பிறகு அந்த இரண்டு குழிகளுக்கு நடுவே குனிந்து நுழைந்து, அடுப்பருகே போய் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்.

"உள்ளுக்கு வாங்கோ."