கொஞ்சமாய் இருந்த வைரஸ்

கனடாவிலிருந்து வந்த என் தமையன், வந்த மறுநாள் மத்தியானம், காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியற்கூழ் குடித்தார். பொழுதுபட முன்னமே வாந்தி, வயிற்றோட்டம். கூழ் காய்ச்சியவள் என் மனைவி. ஊர்காவற்றுறையில் எங்கள் வேதக்கோயில் பெருநாளுக்கு வருடாவருடம் கூழ் காய்ச்சுகிறவளும் அவள்தான்.

"ஒடியல் மா ஊறினது காணாது," என்றார் தமையன், மலசலகூடத்துக்குள் இருந்தபடியே. கசப்புப் போக மா ஊறாவிட்டால் வயிற்றைக் கலக்கும் என்பது தீவில் எல்லாருக்கும் தெரியும். அது தனக்குத் தெரியாது என்பதுபோல் அவர் சொன்னதைத்தான் என் மனைவியால் தாங்க முடியவில்லை. அதே பானையில் குடித்த எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றேன். எங்களுக்குப் பழகின வயிறாம்.

யாழ்ப்பாணத்து டொக்டர், மலத்தைப் பி.சி.ஆருக்குக் கொழும்புக்கு அனுப்பவேண்டும் என்றார். "சமைச்ச ஆளையும் பாக்க வேணும்," என்றார் தமையன். இவளும் ரோசத்தில், "ஓம், பாக்கட்டும்," என்றாள். இரண்டு போத்தல்களையும் மீன் கொண்டுபோகும் ஐஸ் பெட்டியில் வைத்து பஸ்ஸில் கொண்டுபோனேன். பக்கத்திலிருந்தவர் நண்டோ என்று கேட்டார். ஓம் என்றேன்.

முடிவு வந்தது. இருவரிலும் ஒரே வைரஸ். தமையன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

டொக்டர் அவரை மறித்தார். "இருக்கோ எண்டதில்லை, எவ்வளவு இருக்கு எண்டதுதான் கதை. இது உங்களிலையும் இவவிலையும் மருந்துக்கு எண்டு துளிதான் கிடக்கு. எப்பவோ வந்துபோனதின்ரை மிச்சம். ஆனால் உங்களிலை இன்னொரு வைரஸ் எக்கச்சக்கமாய் இருக்கு. வயித்தைக் குழப்பினது அதுதான். அது வேலையைக் காட்ட ஒரு நாள், ரெண்டு நாள் செல்லும். கூழுக்கு முந்தியே, வாற வழியிலை பிடிச்சிருக்கு."

தமையன் நல்ல மனிதர். இவள் குற்றமற்றவள் என்று வீடு வீடாகத் தானே போய்ச் சொன்னார்: "பாவம், அவவிலை பிழையில்லை. அவவிலையும் வைரஸ் இருக்குத்தான், ஆனால் கொஞ்சம்தானாம்." பிறகு விமானம் ஏறிவிட்டார்.

பெருநாள் வேலைகளைப் பார்க்கிறவர்கள் வந்து மிக மரியாதையாகச் சொன்னார்கள்: "இந்தமுறை நீங்கள் ஆறுதலாய் இருங்கோ அக்கா."

"சோதிச்சுப் பாத்தால் உங்களிலையும் கொஞ்சம் இருக்கும்!" என்று நான் கத்தினேன். பிரயோசனமில்லை. சோதிக்காதவர்கள் எல்லாரும் சுத்தம்.

அவள் சிரித்தபடி ஓம் என்றாள். அவர்கள் படலையைத் தாண்டியதும் அழுதாள். எனக்கு அவர்களைவிடத் தமையனில்தான் ஆத்திரம்.

பெருநாளன்று கோயில் வளவில் வேறு யாரோ கூழ் காய்ச்ச, இவள் எங்கள் குசினியில் சின்னச் சட்டி ஒன்று வைத்தாள். நண்டு, மரவள்ளி, நன்றாய் ஊறிய மா, ஒன்றிலும் குறையில்லை. பனையோலைப் பிளாவைக் கையில் பிடித்தபடி இருவரும் எதிரெதிரே இருந்தோம். கூழ் இரண்டு பேர் குடிக்கிற சாமான் இல்லை.