நாத்தனாரின் சிவப்புத் தரை

எங்கள் வீட்டுச் சிவப்பு சிமெண்ட் தரையைப் பார்த்து யாராவது "ஆஹா" என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர்கள் நின்றுகொண்டு பார்க்கிறார்கள். நான் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து பார்த்தவள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதற்கும் எனக்கும் ஆகாது.

பாகூர் ஏரி நிறைந்தால் சுற்று வட்டாரமே சந்தோஷப்படும். என் வீட்டுக்காரருக்கும்தான். நெல்லும் கரும்பும் போடுகிறவர். நான் மட்டும் வாளியைத் தேடுவேன். ஏரியில் தண்ணீர் ஏற ஏற எங்கள் தரையில் ஓதம் ஏறும். காலையில் எழுந்து கால் வைத்தால் பாதம் பிசுபிசுக்கும். கொஞ்சம் காய்ந்தால் திட்டுத்திட்டாக உப்புப் பூக்கும். சிமெண்ட் பெயர்ந்த இடங்களில் மாப்பை ஓட்டினால் நூல் நூலாகப் பிய்த்துக்கொள்ளும். துணியும் வாளியுமாக உட்கார்ந்து, நகர்ந்து நகர்ந்துதான் துடைக்க வேண்டும். அப்படித் துடைத்தே முட்டி இரண்டும் போயின. இனிமேல் குத்துக்கால் போடவே கூடாது என்றார் டாக்டர். அவர் வீட்டுத் தரை எப்படியோ, நல்ல தரையாக இருக்கும்.

டைல்ஸ் போடலாம் என்று நான் கேட்க ஆரம்பித்து எத்தனையோ மழைக்காலம் போய்விட்டது. குறுக்கே நின்றவள் என் நாத்தனார். வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, பாரிஸ் பக்கம் போய்விட்டவள். வீட்டில் அவளுக்கும் பங்கு உண்டு. அவளைக் கேட்காமல் இவர் சுவரில் ஓர் ஆணிகூட அடிக்க மாட்டார். வருஷா வருஷம் பொங்கலை ஒட்டி வருவாள். தங்குவது டவுனில் ஏசி ஓட்டலில். எங்கள் வீட்டுக்கு வருவது தரையைப் பார்க்க.

"இதப் போயி இடிக்கலாமா அண்ணி? எங்கப்பா போட்ட தர. இந்த மாரி தரைக்கு அங்கல்லாம் ஏங்குறாங்க."

"ஏங்குறவங்கள இங்க வரச் சொல்லும்மா. வாளியும் துணியும் நான் தரேன்."

அவள் சிரித்துவிட்டு அண்ணனைப் பார்ப்பாள். அவர் என் பக்கம் திரும்பி, "சும்மா இருடி" என்பார். அத்தோடு அந்த வருஷத்துப் பேச்சு முடிந்துவிடும்.

போன வருஷம் நான் சும்மா இருக்கவில்லை. அவரோடு பேச்சை நிறுத்தினேன். வேளாவேளைக்குச் சோறு மட்டும் தட்டில் விழும். தாக்குப்பிடிக்க முடியாமல் ஒருநாள் அவர் தங்கையோடு போனில் மன்றாடி ஒரு முடிவுக்கு வந்தார். வீடு முழுக்க டைல்ஸ் போட்டுக்கொள்ளலாம். கல்யாணத்துக்கு முன்னால் அவள் படுத்துக்கொண்டிருந்த அறையை மட்டும் தொடக் கூடாது.

பழைய தரையின் மேலேயே கலவை போட்டு டைல்ஸ் பதித்தார் மேஸ்திரி. வீடு முழுவதும் மட்டம் ஏறியது. அந்த அறை மட்டும் கீழேயே கிடந்தது.

"ரூமு பள்ளமாப் பூடுங்க, பரவால்லயா?" என்று அவர் கேட்டார்.

"பரவால்லபா" என்றார் இவர். துடைக்கப் போகிறவளை யாரும் கேட்கவில்லை.

கூடத்தையும் அடுக்களையையும் நின்றுகொண்டே துடைத்த முதல் நாள் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவ்வளவு சுகம். ஆனால் மழை வந்ததும் தெரிந்தது. வீட்டில் எங்கே தண்ணீர் சிந்தினாலும் அந்தப் பள்ளத்துக்குத்தான் ஓடியது. இருந்த ஓதமெல்லாம் அங்கேயே குடிவந்தது. நான் மறுபடியும் வாளியைத் தூக்கிக்கொண்டு, நிலையைப் பிடித்து அந்த அறைக்குள் இறங்கி உட்கார்ந்தேன். வருஷத்தில் இரண்டு மணி நேரம் வந்து பார்க்கிறவளுக்காக.

இந்தப் பொங்கலுக்குப் பிரெஞ்சுக்காரச் சிநேகிதிகள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மணப்பட்டுக் கடற்கரைக்குப் போய்விட்டு நேராக இங்கே. அறையில் செருப்பில்லாமல் நடந்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில், "கால் சில்லுன்னுது அண்ணி" என்று கூடத்துக்கு வந்து, ஃபேனுக்கு அடியில் நாற்காலி போட்டு, என் டைல்ஸில் காலை நீட்டி உட்கார்ந்தாள். உட்கார்ந்து கேட்டாள்:

"அந்த ரூமுல ஒரு மாரி வாட வருதே அண்ணி. தொடைக்கிறதே இல்லியா?"

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. வாளியையும் துணியையும் கொண்டுவந்து அவள் காலடியில் வைத்தேன்.

"உன் ரூமுதானம்மா. நீயே தொட."

சிநேகிதிகள் என்ன என்று கேட்டார்கள். அவள் பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். அவர்கள் கைதட்டினார்கள். அவள் சந்தோஷமாக எழுந்து போய், பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு அறையில் குந்தினாள். துணியை இந்தப் பக்கம் ஓர் இழுப்பு, அந்தப் பக்கம் ஓர் இழுப்பு. அவர்கள் படம் எடுத்தார்கள். கையைக் கழுவிக்கொண்டு வந்து காபி கேட்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி கேட்டுவிட்டதாக நினைத்த நான்தான் அசடு வழிய நின்றேன்.

சாயங்காலமே அந்தப் படம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வந்தது. எங்கே போனாலும் பழசை மறக்காத பெண் என்று ஆளாளுக்கு எழுதியிருந்தார்கள். அதையெல்லாம் விட்டுவிடலாம். என் வீட்டுக்காரர் அதற்கு ஒரு சிவப்பு இதயம் போட்டிருந்தார். நான் துடைத்ததற்கு அவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்ததில்லை. அவளுடைய இரண்டு இழுப்புக்கு இதயம்.

மறுநாள் காலையில் அவரிடம் சொன்னேன். "இனிமே அந்த ரூமு உங்களுது. நான் அதுல எறங்க மாட்டேன்."

விளையாட்டு என்று நினைத்தார். நாற்றம் கூடத்துக்கு வந்ததும் அவரே இறங்கினார். முதல் நாள் சினிமாப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே துடைத்தார். அப்புறம் பாட்டு நின்றது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க ஆரம்பித்தார். ஒரு வாரம் ஆவதற்குள் என் தைலத்தைக் கேட்டார். கொடுத்தேன். தேய்த்துவிடவில்லை.

அன்றைக்கே தங்கைக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணும் முடியலமா. உன் ரூமத் தொடச்சித் தொடச்சி முட்டி புடிச்சிக்கிச்சி."

"ஐயையோ! நீ ஏண்ணா குந்திக்கினு தொடைக்கிற? முட்டி இன்னாத்துக்கு ஆவும்? மொதல்ல ஆளக் கூப்ட்டு டைல்ஸ் போட்டுடு. தர இன்னா பெரிய தர!"

பதறிப்போய்விட்டாள். குரல் நடுங்கியது. நடிப்பில்லை, நிஜமான பதற்றம். இதே போனில், இதே கூடத்தில் நின்று, என் முட்டியைப் பற்றி எத்தனை தடவை சொல்லியிருப்பேன். ஒரு தடவையாவது அந்தக் குரல் நடுங்கியதில்லை.

அவர் போனை வைத்துவிட்டு, பெரிய காரியம் சாதித்தவர்போல நிமிர்ந்தார்.

"ஒத்துக்கிச்சிடி. இப்ப சந்தோஷமா?"

"உங்க முட்டிக்குத்தான ஒத்துக்கிச்சி" என்றேன்.