நிறுத்தியவரே ஆரம்பிக்க வேண்டுமா?

போன வாரம் கொல்லிமலை போயிருந்தேன். அருவியில் குளிக்க அல்ல — கம்ப்யூட்டர் பார்க்க! அங்கே குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, வாங்கும் ஒரு ஜவ்வரிசி (சேகோ) ஃபேக்டரிக்கு நான்தான் புரோகிராம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

விஷயம் சுலபம். அன்றன்று பிடுங்கிய கிழங்கின் கணக்கை ஒவ்வொரு வாங்குமிடத்திலும் கம்ப்யூட்டரில் ஏற்றுவார்கள். மாலை நான்கு மணிக்கு மலை ஆபீஸ் கம்ப்யூட்டர் தானாகவே எல்லாவற்றையும் இழுத்து, ஒன்றாகச் சேர்த்து, டெலிபோன் லைன் வழியாகக் கீழே ஃபேக்டரிக்கு அனுப்பிவிடும். மறுநாள் காலை லாரி வரும். கணக்கு போகவில்லையா... லாரியும் இல்லை.

நான் ஆபீசுக்குள் நுழைந்தபோது அரியூர் நாட்டு (அந்த மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு 'நாடு') விவசாயி சடையன் பதறிக்கொண்டு நின்றார்.

"நேத்தே கிழங்கு பிடுங்கிப் போட்டுட்டனுங்க. லாரி வரலீங்க. நாளைக்கும் வரலீன்னா கருத்துப் போயிருமுங்க. வருசம் பூராப் பட்ட பாடுங்க!"

ஸ்கிரீனைப் பார்த்தேன். நான்கு மணி வேலையை யாரோ நிறுத்தி வைத்திருந்தார்கள்.

நிறுத்தியது ஆபரேட்டர் பழனியம்மாள். திருப்புலி நாட்டில் அவர் ஊரில் நோம்பி, அதாவது கோயில் திருவிழா. அங்கே வாங்குமிடம் மூடல். ஓர் இடத்துக் கணக்கு வராவிட்டாலும் என் புரோகிராம் முரண்டு பிடிக்கும். அதனால் மொத்தத்தையும் நிறுத்திவிட்டு, 'திங்கட்கிழமை வந்து ஆரம்பிச்சிடறேன்' என்று போயிருக்கிறார். இன்றோ செவ்வாய்; மழையில் நோம்பி தள்ளிப்போய்விட்டது. காப்புக் கட்டியபின் ஊர் எல்லையைத் தாண்ட முடியுமா?

சரி, பக்கத்து சீட்டில் கிளார்க் முருகேசன் இருக்கிறாரே! "ஒரு க்ளிக்தானே? நீங்க ஆரம்பிச்சிருக்கலாமே?" என்றேன்.

"பட்டன் தெரியுமுங்க சார். ஆனா, கட்டினவங்கதானுங்களே காப்ப அவுக்கோணும்? அந்தப் புள்ள நிறுத்தி வெச்சிருக்குது... நா எப்படிங்க கை வெக்கறது?"

அட! கம்ப்யூட்டருக்கே காப்புக் கட்டிவிட்டார்களா? சிரிக்கத்தான் நினைத்தேன். ஆனால் நம் டவுன் ஆபீஸ்களில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? யாரோ எப்போதோ நிறுத்தியதை, 'ஏதாவது காரணம் இருக்கும்' என்று தொடாமலே விட்டு வைக்கிறோமே!

க்ளிக் செய்தேன். "முடிஞ்சுதுங்க" என்றேன் பெருமையாக.

"லாரி எப்பங்க வரும்?" என்றார் சடையன்.

கடிகாரத்தைப் பார்த்தேன். மணி நான்கரை! திரும்ப ஆரம்பித்து வைத்தாலும் அது நாளை நான்கு மணிக்குத்தானே ஓடும்? விட்டுப்போனதைத் தானாகப் பிடிக்காதே! அவசர அவசரமாகத் திருப்புலி நாட்டுக்குப் பூஜ்யம் போட்டு, கையாலேயே ஒருமுறை ஓட்டினேன். லைன் அறுந்து அறுந்து... ஒரு வழியாகக் கணக்கு போய்ச் சேர்ந்தது.

மலையிலேயே தங்கிவிட்டேன். காலையில் லாரி வந்தது. கிழங்கு கருக்காமலே ஏறியது. சடையன் என் கையைப் பிடித்தவர் விடவேயில்லை. எனக்கும் போன உயிர் திரும்பி வந்தது.

ஊர் திரும்பியதும் புரோகிராமை மாற்றினேன். யார் நிறுத்தினாலும், 'மறுபடி எப்போது?' என்று தேதி கேட்கும். அந்தத் தேதியில் தானே ஆரம்பித்துவிடும். இனி யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம் என்று நிம்மதியாக இருந்தேன்.

நேற்று முருகேசனிடமிருந்து போன்.

"சார், எங்கூர்லயும் நோம்பி சாட்டியாச்சுங்க. நாலு மணி வேலைய நிறுத்தோணும்."

"தாராளமா நிறுத்துங்களேன்!"

"அதெப்படிங்க சார்? ஓட வெச்சது நீங்கதானுங்களே... எப்ப வாரீங்க?"