சிவப்பு மையில் அடிபட்ட வரி

படையிலிருந்து ஓய்வு பெறுகிற எவனும் வீட்டுக்குப் போகும் முன்னால் மெடிக்கல் போர்டில் நிற்க வேண்டும். டாக்டர்கள் உடம்பைச் சோதித்து, என்ன குறை இருக்கிறது, அது வேலையால் வந்ததா, தானாக வந்ததா என்று எழுதுவார்கள். வேலையால் வந்தது என்று எழுதினால் அதற்குத் தனி ஓய்வூதியம் உண்டு. இல்லாவிட்டால் நம் கால், நம் பாடு. அந்தப் படிவத்தில் ஒரு பக்கத்தைக் கமாண்டிங் ஆபீசர் நிரப்ப வேண்டும். என் வலது முழங்காலைப் பற்றி எங்கள் ஆபீசர் இரண்டு வரி எழுதியிருந்தார். பணிக்கும் இந்தக் குறைக்கும் சம்பந்தமில்லை என்பது ஒன்று. இவர் விடுப்பில் வெறுங்காலோடு நெடுந்தூரம் நடந்து கோயிலுக்குப் போகும் வழக்கம் உள்ளவர் என்பது இன்னொன்று.

இரண்டாவது வரி பொய்யில்லை. ஆடிக் கிருத்திகைக்குக் கோவிலம்பாக்கத்திலிருந்து பல்லாவரம், குன்றத்தூர் வழியாகத் திருத்தணிக்குக் காவடியோடு மூன்று நாள் நடை. பதினோரு தடவை போயிருக்கிறேன். விடுப்பு விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில் எல்லோரும் 'வீட்டு வேலை' என்று எழுதுவார்கள். கல்யாணமோ, சண்டையோ, சும்மா தூங்கவோ, எதற்குப் போனாலும் வீட்டு வேலைதான். சாமியைப் பார்க்கப் போகும்போது அப்படி எழுத எனக்கு மனசு வரவில்லை. பாதயாத்திரை என்றே எழுதினேன். அந்தப் பதினோரு காகிதமும் என் கோப்பில் ஒன்றின் மேல் ஒன்றாகக் கோத்துக் கிடந்தன. முழங்காலில் அடிபட்டதற்கு மட்டும் ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

படிவத்தின் அடியில் நான் கையெழுத்துப் போட வேண்டும். தாம்பரம் பக்கத்தில் இருந்த எங்கள் முகாம் அலுவலகத்தில், எழுத்தர் பேனாவைக் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். நான் பெயருக்கு மேலே 'சம்மதமில்லை' என்று எழுதிவிட்டு, அதன் கீழே கையெழுத்துப் போட்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு ஆபீசர் எழுதியதற்கு மேல் நான் எழுதியது அன்றைக்குத்தான்.

எழுத்தர் பல்லாவரத்துக்காரர், நல்ல மனுஷன். என்னைத் தனியாகக் கூட்டிப்போய்ச் சொன்னார்.

"இன்னாண்ணா நீ, இவ்ளோ அப்பாவியா கீற? பஸ்ல போனேன், கடைசில மலையாண்டதான் எறங்கி நடந்தேன்னு எழுதிக் குடு. எவன் கூட வந்துகினு இருந்தான் பாக்க?"

"முருகன் பாத்தாரே."

"அவரு போர்டுல உக்கார மாட்டாருண்ணா."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அப்படி எழுதிக் கொடுக்க முடியாது என்று எனக்குத் தெரியும். கொப்புளத்தில் மஞ்சள் அப்பிக்கொண்டு நடந்த நடையை நடக்கவில்லை என்று சொல்லிவிட்டு எந்த முகத்தோடு சந்நிதியில் நிற்பது?

மறுநாள் ஆபீசரைப் பார்க்க அனுமதி கேட்டுப் போனேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. இந்தியில் நிதானமாகச் சொன்னார்: நானும் செவ்வாய்க்கிழமை விரதம் இருக்கிறவன்தான், உன் பக்தியைக் குறை சொல்லவில்லை. ஆனால் காகிதத்தில் இல்லாததை நான் எப்படி எழுதுவது? ஏதாவது இருந்தால் போர்டில் காட்டு. நான் சல்யூட் அடித்துத் திரும்பினேன். திரும்பும்போது முழங்கால் 'டக்' என்றது. அவர் காதிலும் விழுந்திருக்கும்.

அன்றிலிருந்து கேன்டீனில் என் மேஜைக்கு யாரும் வரவில்லை. யாரும் என்னை வெறுக்கவில்லை. அவர்களுடைய மதிப்பீட்டுத் தாள்களும் ஆபீசரின் அதே பேனாவுக்காகக் காத்திருந்தன, அவ்வளவுதான். எதிரில் டீயோடு வருகிறவர் என்னைப் பார்த்ததும் திடீரென்று ஏதோ ஞாபகம் வந்தவர் மாதிரி வேறு பக்கம் திரும்புவார். நான் மட்டும் நாலு பேர் மேஜையில் உட்கார்ந்து டீ குடிப்பேன். உதடு அதுபாட்டுக்குக் கந்த சஷ்டி கவசத்தை முணுமுணுத்துக்கொண்டிருக்கும்.

உண்மையில் ஒரு காகிதம் இருந்தது. அது எங்கே இருக்கிறது என்றும் எனக்குத் தெரியும்.

பதினாலு வருஷத்துக்கு முன்னால் வடக்கே பனிமலையில் இருந்தபோது, லாரியிலிருந்து மண்ணெண்ணெய்ப் பீப்பாய் இறக்கிக்கொண்டிருந்தோம். கால் வழுக்கி நான் கீழே விழ, பீப்பாய் முழங்கால் மேல் சாய்ந்தது. மருத்துவ உதவியாளர் ஒரு கட்டுப் போட்டு மாத்திரை கொடுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிறாயா என்றும் கேட்டார். அடுத்த மாதம் பதவி உயர்வுக்கான பயிற்சி. காலில் அடி என்று பதிவானால் பெயரை அடித்துவிடுவார்கள். எங்களில் பாதிப் பேர் இப்படித்தான் முதுகையும் காதையும் மறைத்து வைத்திருப்பார்கள். ஒன்றுமில்லை என்றேன். அன்றைக்கு ராத்திரி முருகனிடம் மட்டும் சொன்னேன்: காலைக் கொடு, உன்னிடம் நடந்தே வருகிறேன்.

அந்த வருஷ விடுப்பு விண்ணப்பத்தில், தெரிந்த இந்தியில், 'பனியில் விழுந்து அடிபட்ட முழங்கால் குணமாக வேண்டிக்கொண்ட பாதயாத்திரை' என்று எழுதிக்கொண்டு போனேன். விண்ணப்பத்தை முதலில் பார்க்கிற எங்கள் சுபேதார் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். முழங்கால் என்ற வரியைச் சிவப்பு மையில் அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் போட்டு, 'இதை எடுத்துவிட்டு வேறு எழுது' என்று திருப்பிக் கொடுத்தார். என் நல்லதுக்காகத்தான் செய்தார். வேறு காகிதத்தில், முழங்காலை எடுத்துவிட்டுப் பாதயாத்திரையை மட்டும் எழுதினேன். அடிபட்ட காகிதத்தை மடித்து, ஊருக்கு வந்ததும் பூஜை அலமாரியில் வேலுக்குப் பின்னால் வைத்தேன். சாமிக்கு எழுதின கடிதம் போல அது அங்கேயே இருந்தது.

அதை எடுத்துக் காட்டினால், பயிற்சிக்காக மறைத்தவன் நான்தான் என்று நானே எழுதிக் கொடுத்தது போலாகும். சாமிக்குக் கொடுத்ததைத் திருப்பி எடுக்கலாமா என்ற கலக்கமும் இருந்தது. போர்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு, கன்னத்தில் போட்டுக்கொண்டு அதை எடுத்தேன். விபூதி படிந்து பழுத்திருந்தது. என் மனைவி என்ன அது என்று கேட்டாள். படித்துச் சொன்னேன். பனி, பீப்பாய், எல்லாவற்றையும் முதல் தடவையாகச் சொன்னேன்.

அவள் விளக்குத் திரியைத் தூண்டினாள்.

"நான் அது நம்ம பொண்ணுக்காகன்னு நினைச்சிட்டு இருந்தேங்க."

எங்களுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம் பிள்ளை இல்லை. முதல் காவடி எடுத்த அடுத்த வருஷம் மகள் பிறந்தாள். அந்த வேண்டுதலில் பிறந்தவள் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள் இவள். நான் மறுக்கவும் இல்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. அன்றைக்கு அவள் சாப்பாடு போட்டாள், தண்ணீர் வைத்தாள், வேறு பேச்சில்லை. டாக்டரிடம், ஆபீசரிடம், இவளிடம் என்று எல்லோரிடமும் ஒரே காலைத்தான் மறைத்திருக்கிறேன். முகாமில் நாலு பேர் மேஜையில் தனியாக உட்கார்ந்தபோது தோன்றாதது அன்று என் வீட்டுச் சமையலறையில் தோன்றியது.

காலையில் சட்டைப்பையில் அந்தக் காகிதம் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. அவள்தான் வைத்திருக்க வேண்டும்.

போர்டில் தலைமை டாக்டர் ஒரு அம்மாள். காலை மடக்கி நீட்டி, எக்ஸ்ரே படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு ஆபீசர் எழுதியதைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் காகிதத்தை நீட்டினேன். பிரித்தபோது விபூதி மேஜையில் கொட்டியது. துடைக்கப் போனேன். இருக்கட்டும் என்று கையைக் காட்டினார். சிவப்பு மையில் யார் கையெழுத்து என்று கேட்டார். அந்த சுபேதார் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது என்றேன். அப்படியானால் மறைக்கச் சொன்னவர் அவரா என்று கேட்டார்.

தலையை ஆட்டியிருந்தால் போதும். செத்துப்போனவர் வந்து மறுக்கவா போகிறார்?

"இல்லை மேடம். விழுந்த அன்றைக்கே ஒன்றுமில்லை என்று சொன்னவன் நான்தான்."

அதற்குப் பிறகும் ஏன் நடந்தாய் என்றார். நேர்ந்துகொண்டேன் என்றேன். நடந்ததால் இன்னும் கெட்டிருக்கலாம் என்றார். இருக்கலாம் மேடம், ஆனால் விழுந்த பிறகுதான் நடக்க ஆரம்பித்தேன், நடந்ததால் விழவில்லை என்றேன். அவர் தேதியை இன்னொரு தடவை பார்த்தார். காகிதத்தை நகல் எடுத்துவரச் சொல்லிவிட்டு, அசலை அதே மடிப்பில் மடித்து என் கையில் கொடுத்தார்.

முடிவு வர மாதக்கணக்கானது. அதற்குள் ஓய்வு பெற்று வந்துவிட்டேன். வழியனுப்பும் விருந்தில் ஆபீசர் கை குலுக்கினார், காலைப் பற்றிக் கேட்கவில்லை. பிறகு ஒரு நாள் தபாலில் வந்தது. வேலையால் வந்தது என்று முழுதாக எழுதவில்லை. வேலையால் அதிகமானது என்று எழுதியிருந்தார்கள். அதற்கும் அந்த ஓய்வூதியம் உண்டு. அவள் இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசாததால், அந்தக் கடிதத்தை வேலுக்கு முன்னால் நின்று வாய்விட்டுப் படித்தேன். அடுப்படியில் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இந்த ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக் குழு எங்கள் தெரு வழியாகத்தான் போனது. வாசலில் நின்று எல்லோர் காலிலும் மஞ்சள் தண்ணீர் ஊற்றினேன். அப்புறம் நாங்கள் இருவரும் பஸ்ஸில் போனோம். மலையடிவாரத்தில் அந்தக் காகிதத்தை அவளிடம் கொடுத்தேன். படியேறி உண்டியலில் போட்டுவிட்டு வந்தாள். என்ன வேண்டிக்கொண்டாய் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

திரும்பும் பஸ்ஸில் நிற்கத்தான் இடமிருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, வழக்கம்போல இடது காலில் பாரத்தை வைத்து நின்றேன். அவள் பக்கத்து இருக்கைக்காரரிடம் குனிந்தாள்.

"அண்ணா, இவருக்குக் கால் முடியாது. கொஞ்சம் எடம் குடுக்கறீங்களா?"

பஸ்ஸில் நாலு பேர் திரும்பி என் காலைப் பார்த்தார்கள். பரவாயில்லை என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது. சொல்லாமல் உட்கார்ந்தேன்.