ஆளைக் கடக்காத இராசமலர்

படுத்திருக்கிற ஆளைக் கடக்கக்கூடாது என்பதை எங்கள் ஆட்களுக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பதில்லை. அது சோற்றோடு சேர்ந்து உள்ளே போய்விடுகிறது. தப்பித்தவறிக் கடந்துவிட்டால் வந்த பக்கமே திரும்பக் கடந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் படுத்திருப்பவர் வளரமாட்டார். இது விஞ்ஞானமா என்று என்னிடம் கேட்காதீர்கள். ஒரே அறையில் வரிசையாகப் பாய் விரித்துப் படுக்கிற குடும்பத்தில், விடிய எழும்புகிறவன் மற்றவனின் மூக்கில் மிதிக்காமல் இருக்க இதைவிட நல்ல சட்டம் எவரும் போட்டதில்லை.

அந்தச் சட்டத்தைப் பாரிசுக்கும் கொண்டுவந்து, அதைக் காப்பாற்றப் போய்ப் பரீட்சையில் கோட்டை விட்டவள் இராசமலர். வீட்டிலும் வெளியிலும் மலர். புதுக்குடியிருப்பில் பிறந்தவள். கணவன் கலைமாறன் பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கொத்துரொட்டி போடுகிறான். மகள் அனு லீசேயில், அதாவது மேல்நிலைப் பள்ளியில், படிக்கிறாள். தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் வரும். இருப்பது பாரிசுக்கு வெளியே பியர்ஃபித்தில் ஒரு மாடிக் குடியிருப்பில். அதே கட்டடத்தில் ஒரு தட்டுக் கீழே கலைமாறனின் அக்கா புஸ்பராணி இருக்கிறாள். புஸ்பராணிக்குத் தம்பியென்றால் உயிர். தம்பி பெண்சாதியைப் பற்றி அவள் ஒரு நல்ல வார்த்தை சொன்னதாகச் சரித்திரம் இல்லை.

மலருக்குப் பொண்டி என்கிற பக்கத்து ஊரில் வேலை. ஒரு தனியார் அம்புலன்ஸ் நிறுவனத்தில், திரும்பி வருகிற வாகனங்களின் உள்பக்கத்தைக் கழுவித் துடைத்து மருந்தடித்துக் கொடுப்பது. வாகனம் ஓடுகிற பெண்கள் சிரித்துக்கொண்டு வருவார்கள், கோப்பி குடிப்பார்கள், அவள் துடைத்து வைத்த இருக்கையில் ஏறிக்கொண்டு போய்விடுவார்கள். மலருக்குப் பொறாமை வந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை. "நான் துடைச்ச சீற்றிலை நான் இருந்து ஓடினா என்ன?" என்று ஒருநாள் கலைமாறனிடம் கேட்டாள். மறுநாள் முதலாளியிடமே கேட்டுவிட்டாள். முதலாளி அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கோடை விடுமுறைக்கு முன் படிப்பை முடித்துத் தேறி வந்தால் ஒரு இடம் இருக்கிறது, அதற்கு மேல் அதைப் பிடித்து வைத்திருக்க முடியாது என்றார்.

"பொம்பிளை ஆக்களைத் தூக்கிக்கொண்டு திரியிறதோ? அது ஆம்பிளையளின்ரை வேலையெல்லோ," என்றாள் புஸ்பராணி.

"மச்சாள், இஞ்சை பொம்பிளையள்தான் கனபேர் ஓடினம்."

"ஓடட்டும். நீ என்னத்துக்கு?"

இதற்கு மலரிடம் பதில் இருந்தது. ஆனால் மச்சாளுடன் வாயைக் கொடுத்தால் பின்னேரம் வரை நீளும் என்பதால், பேசாமல் போய் வகுப்பில் சேர்ந்துவிட்டாள்.

படிப்பு அவளுக்கு நன்றாகவே போனது. உடம்பின் உள்ளுறுப்புகளுக்கெல்லாம் பிரெஞ்சில் பெயர் பாடமாக்கினாள். பொம்மையின் நெஞ்சை அமுக்கி உயிர்ப்பிக்கச் சொன்னபோது ரொட்டிக்கு மாக் குழைக்கிற உசாரில் அமுக்கினாள். வாகன ஓட்டத்தில் அவளை அடிக்க ஆளில்லை. கலைமாறன் கார் ஓடினால் சத்தியெடுக்கிற அனு, அம்மா ஓடினால் நித்திரை கொள்வாள். பயிற்சியாளர் கிரிகோரி முன்னாள் தீயணைப்புப் படைக்காரர். தலை நிலையில் தட்டாமல் கதவுக்குள் நுழையத் தெரியாத உயரம். அவரே இரண்டு முறை, "மலர், நீங்கள் இந்தத் தொழிலுக்கு என்றே வந்தவர்," என்று சொல்லியிருந்தார்.

பிறகு பாலம் வந்தது. நிலத்தில் கிடக்கும் நோயாளியை அசைக்காமல் தூக்குகிற முறைக்கு அங்கே பாலம் என்று பெயர். மூன்று பேர் அவருக்கு இரண்டு பக்கமும் கால் வைத்து, தலை, இடுப்பு, கால் என்று வரிசையாக நின்று குனிந்து தூக்க வேண்டும். நாலாவது ஆள் அந்தக் கால்களுக்கு நடுவால் ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ள வேண்டும். கேட்கச் சுலபம். ஆனால் இரண்டு பக்கமும் கால் வைப்பதென்றால் முதலில் ஒரு கால் ஆளைக் கடக்க வேண்டுமே!

பொம்மையைக் கடப்பதில் மலருக்குப் பிரச்சினை இருக்கவில்லை. பொம்மை வளரவா போகிறது? ஆட்களை வைத்துப் பழகும்போதுதான் கால் கூசியது. அதனால் எப்போதும் முந்திக்கொண்டு, "ஸ்ட்ரெச்சர் நான் தள்ளுகிறேன்," என்று நாலாவது ஆளாகிவிடுவாள். மற்றவர்கள் அவளைப் பெரிய பரோபகாரி என்று நினைத்தார்கள்.

சோதனையன்று சீட்டுக் குலுக்கினார்கள். மலருக்கு நடு இடம், இடுப்பு. நோயாளியாகப் படுத்தவர் கிரிகோரி. தலைப்பக்கம் நின்றவள் ஆனைஸ் என்கிற சின்னப்பெண், மலரோடு படிப்பவள். கட்டளை கொடுப்பதும் அவள்தான். மலர் கண்ணை இறுக்கிக்கொண்டு வலது காலை எடுத்து அந்தப் பக்கம் வைத்தாள். வைத்துவிட்டாள்! குனிந்து இடுப்புப்பட்டியையும் பிடித்தாள். ஆனைஸ் "தயாரா?" என்றாள். மூன்று பேரும் "தயார்!" என்றார்கள். "தூக்கு!" என்றாள் ஆனைஸ். அந்தக் கணத்தில் மலரின் வலது கால், அவளைக் கேளாமலே, வந்த பக்கம் திரும்பிப் போய்விட்டது.

தலையும் காலும் மேலே போயின. இடுப்புக்கு மட்டும் ஆளில்லை. கிரிகோரி நடுவில் மடிந்து, பின்பக்கம் மெத்தையில் அடிபட, பெரிய சத்தத்தோடு விழுந்தார்.

மேற்பார்வைக்கு வந்திருந்த பரிசோதகர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "மேடம், காலை ஏன் எடுத்தீர்கள்?" என்று கேட்டார். மலருக்குப் பொய் வரவில்லை. தமிழில் நினைத்ததைப் பிரெஞ்சில் போட்டுச் சொன்னாள்:

"எடுக்காவிட்டால் அவர் வளரமாட்டார்."

மெத்தையில் நீட்டு நீட்டாகக் கிடந்த கிரிகோரியை எல்லோரும் பார்த்தார்கள். பிறகு வகுப்பே ஒரு பாட்டம் சிரித்து ஓய்ந்தது. கிரிகோரியும் இடுப்பைத் தடவிக்கொண்டு சிரித்தார். பரிசோதகர் சிரிக்கவில்லை. தவறியது என்று எழுதினார். விடுமுறைக்கு முன் ஒரே ஒரு மீள்தேர்வு உண்டு, அதிலும் இப்படியென்றால் இந்த வருடம் இல்லை என்றார்.

இந்த வருடம் இல்லையென்றால் அந்த இடமும் இல்லை. மலர் ரயிலில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள்.

மனம் பொறுக்காமல் கலைமாறனிடம் சொன்னாள். அது அவள் செய்த இரண்டாவது பிழை. அவன் மனிசி மேல் உள்ள அன்பில் அடுப்படியில் ஒருவனிடம் சொன்னான். லாச்சப்பலில் ஒரு அடுப்படியில் சொன்னது அடுத்த தெருவுக்குப் போக ரயில் தேவையில்லை. முருங்கைக்காய் வாங்கப் போன இடத்தில் கடைக்காரர், "என்ன தங்கச்சி, வாத்தியாரை விழுத்திப்போட்டீராம்?" என்று கேட்டார். தலைமயிர் வெட்டுகிற றொமேஷ் கடை வாசலில் நின்று, "அக்கா, நான் கட்டை. என்னை ஒருக்காத் திரும்பிக் கடந்துவிடுங்கோவன், வளர்ந்து பாப்பம்," என்றான். மலரும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே நடந்து, மெத்ரோப் பாலத்துக்குக் கீழே வந்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

வீட்டில் பழகித்தான் ஆக வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மேசை கதிரைகளை ஓரந்தள்ளிவிட்டுக் கலைமாறனைக் கம்பளத்தில் படுக்கப் போட்டாள். அவனுக்கு லீவு நாள். படுத்த கையோடு குறட்டை விட்டான். மலர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கி வைக்கிற நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள் புஸ்பராணி.

"எடியே! என்ரை தம்பியைக் கடக்கிறியோ?"

கலைமாறன் திடுக்கிட்டுக் கண்ணை விழித்தான். மலருக்கு அத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் பீறிட்டது.

"ஓம் மச்சாள், கடக்கிறன்! கடக்காட்டில் எனக்கு வேலையில்லை. வந்த நாள் தொடக்கம் மற்றாக்கள் இருந்து எழும்பின இடத்தைத் துடைக்கிறன். ஒருக்கா நான் இருந்து பாக்க வேணும். அது பிழையோ? நான் ஒருத்தரின்ரை வளர்த்தியையும் கெடுக்கேல்லை. என்ரை வளர்த்திதான் நிண்டுபோய்க் கிடக்கு!"

சொல்லிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அனு போனைக் கீழே வைத்தாள். புஸ்பராணி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

"நீ எழும்படா தம்பி. பகலிலை படுத்துக் குறட்டை விடுறாய், நீ இன்னும் வளர வேண்டியவன். நான் படுக்கிறன். எனக்கு இனி வளர இடமில்லை."

"மச்சாள், வேண்டாம்..."

"அழுதுகொண்டு நிக்காமல் கட பிள்ளை. முதுகு குளிருது."

கலைமாறன் தலைப்பக்கம், அனு கால்பக்கம், மலர் நடுவில். மலர் முதலில் குனிந்து மச்சாளின் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கால் பட்டால் செய்கிற வழக்கம், படாமலேயே செய்தாள். அதன் பிறகு கால் லேசாக அந்தப் பக்கம் போனது. மூன்று பேரும் ஒன்றாகத் தூக்கினார்கள். புஸ்பராணி, "ஐயோ, விட்டிடாதேங்கோ," என்று கத்தினாள். கொஞ்சம் பொறுத்துக் கத்தலை நிறுத்தினாள். அந்தரத்தில் கிடந்தபடியே சிரிக்கத் தொடங்கினாள்.

"சின்னனிலை எங்கடை அப்பு என்னைத் தூக்கினது. அதுக்குப் பிறகு என்னை ஆர் தூக்கினது? இண்டைக்குத்தான்."

"மாமி, அசையாதேங்கோ!" என்றாள் அனு. வியப்பாக, தமிழில்.

மெல்லக் கீழே இறக்கினார்கள். மலரின் கால் தன் பாட்டில் வந்த பக்கம் திரும்பியது. அங்கேயே நின்று யோசித்தாள். தூக்கி வைத்த பிறகு எப்படியும் ஒரு பக்கத்தால் விலகத்தானே வேண்டும்? வந்த பக்கத்தாலேயே விலகினால் அதுதானே திரும்பக் கடப்பது? அன்றைக்கு அவள் கால் செய்தது பிழையில்லை, அவசரம்.

"மச்சாள்," என்றாள். "திரும்பிக் கடக்கிறதுக்கு இவ்வளவு நேரம் எண்டு ஏதும் இருக்கோ?"

கம்பளத்தில் கிடந்தபடி புஸ்பராணி நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். நீதிமன்றத்தில்கூட அவ்வளவு யோசித்துத் தீர்ப்புச் சொல்லமாட்டார்கள்.

"ஆள் எழும்புறதுக்கு முன்னம் கடந்தாச் சரி," என்றாள். "எங்கை, இன்னொருக்காத் தூக்குங்கோ பாப்பம்."

மீள்தேர்வுக்குக் கிரிகோரியே மறுபடி படுத்தார். துணிச்சலான மனிதர். மலருக்கு இந்த முறை சீட்டுக் குலுக்கவில்லை. நடு இடம்தான் என்று பரிசோதகர் விரலால் காட்டினார். மலர் குனிந்து கிரிகோரியின் தோளைத் தொட்டாள். மற்றவர்கள் என்ன நினைத்தாலும் பரவாயில்லை என்று கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"ஐயா, உங்களைத் தூக்கப் போகிறோம். அதற்கு நான் உங்களுக்கு மேலாகக் கால் வைக்க வேண்டியிருக்கிறது. மன்னித்துக்கொள்ளுங்கள்."

"தாராளமாக வையுங்கள், மேடம்," என்றார் கிரிகோரி.

கால் போனது. "தயாரா?" "தயார்!" கால் கூசியது. திரும்பு, திரும்பு என்றது. பொறு, ஆள் இன்னும் எழும்பவில்லை என்று மலர் அதற்குச் சொன்னாள். "தூக்கு!" அந்தப் பெரிய உடம்பு ஒரே மட்டமாக மேலே வந்தது. அவள் முதுகு நிமிர்ந்திருந்தது, பல்லைக் கடித்திருந்தாள். ஸ்ட்ரெச்சர் கால்களுக்கு நடுவால் சர்ரென்று வந்து நின்றது. "இறக்கு!" இறக்கினார்கள். கையை எடுத்து, காலைத் தூக்கி, வந்த பக்கத்தாலேயே விலகினாள். அப்போதுதான் மூச்சு வந்தது.

பரிசோதகர் எழுதி முடித்துத் தலையை நிமிர்த்தினார்.

"நோயாளியிடம் முதலில் சொல்லிவிட்டுத் தொடங்கினீர்கள். நல்லது, அந்தப் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள்," என்றார் அவர். பிறகு கையை நீட்டினார். "தேறிவிட்டீர்கள். வாழ்த்துகள், மேடம் அம்புலான்சியேர்."

அம்புலன்ஸ் ஓடுகிற பெண்ணுக்கு அந்த நாட்டில் அதுதான் பெயர். வந்த நாளிலிருந்து எத்தனையோ பேர் அவளை மேடம் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். கொஞ்சம் தள்ளுங்கள் மேடம், குப்பையை எடுங்கள் மேடம். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு தொழிலின் பெயர் வந்தது இதுதான் முதல் தடவை. மலர் கொடுத்த கையை விட மறந்துபோய், "இன்னொரு முறை சொல்ல முடியுமா?" என்று கேட்டாள். பரிசோதகர் அம்மாள் இந்தத் தடவை சிரித்தார். சிரித்துவிட்டு, இன்னொரு முறை சொன்னார்.

வெளியே வந்து கலைமாறனுக்குப் போன் அடித்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம், கொத்துகிற சத்தத்தில் அவனுக்கு எங்கே கேட்கப் போகிறது? புஸ்பராணிக்கு அடித்தாள். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"என்ன பிள்ளை, விழுத்திப்போட்டியோ?"

"இல்லை மச்சாள். பாஸ்."

அந்தப் பக்கம் அகப்பையைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"என்ரை தம்பி குடுத்து வைச்சவன்," என்றாள் புஸ்பராணி.

கலியாணம் முடித்த நாள் தொடக்கம் மலர் காதால் கேட்காத சொல் அது. ரயில் மேடையில் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் பார்க்க, அவள் வாய்விட்டு அழுதாள்.