கப்டன் முட்டையிட்ட மாதம்

தொண்ணூற்றேழாம் ஆண்டில் உப்புவெளிக் கடற்கரை சண்டையால் வலைக்காரருக்கே மூடிக் கிடந்தது. பாக்கியரத்தினம் மட்டும் நாள்தோறும் காலையில் சைக்கிளின் இருபுறமும் கான்களைக் கட்டிக்கொண்டு கடற்படையின் காவலரணான சென்ரியைத் தாண்டிப் போய்வந்தார். அவருடைய பாஸில், போகும் காரணம் என்ற இடத்தில், 'கடல் தண்ணீர்' என்று எழுதியிருந்தது. சென்ரிக்குப் புதிதாக வந்தவர்கள் கானுக்குள் விரலை விட்டு நக்கிப் பார்த்து முகத்தைச் சுளிப்பார்கள். பிறகு போகவிடுவார்கள்.

தண்ணீர் ஓர் ஆமைக்கு. எழுபத்தெட்டில், அவர் பம்ப் பார்த்த விடுதியின் முதலாளி, வலையில் பட்ட கோப்பையளவு கடலாமைக் குட்டியொன்றை வாங்கி முற்றத்துச் சீமெந்துத் தொட்டியில் விட்டார். தொட்டி பன்னிரண்டடி நீளம், எட்டடி அகலம். விருந்தினராக வந்த ஜெர்மன்காரர் ஒருவர் அதற்குக் 'கப்டன்' என்று பெயர் வைத்தார். எண்பத்து மூன்றுக்குப் பிறகு விருந்தினர் வரவில்லை. பிறகு டீசலும் வரவில்லை, பம்ப் நின்றது. முதலாளி கொழும்பிலேயே இருந்துவிட்டார். கப்டனைப் பார்த்துக்கொள்வது மட்டும் பாக்கியரத்தினத்தின் உத்தியோகமாக மிஞ்சியது. ஷெல் விழுந்த நாளில்கூட அது பட்டினி கிடக்கவில்லை என்பதில் அவருக்குப் பெருமை. "கடலிலை விட்டிருந்தா எப்பவோ கறியாப் போயிருக்கும்" என்பார்.

அந்த மாசியில் கப்டன் சாப்பாட்டை விட்டது. பின்கால்களால் தொட்டியின் தரையை ஓயாமல் பிறாண்டியது. சீமெந்தில் உரசி நகம் தேய்ந்து, தண்ணீரில் இரத்தம் கலந்தது. சொறி என்று நினைத்து அவர் மஞ்சள் அரைத்துப் பூசினார். ஐந்தாம் நாள் காலையில் தொட்டியின் அடியில் வெள்ளையாக ஏதோ கிடந்தது. இறங்கி ஒன்றை எடுத்தார். தோல் போன்ற ஓடு. அமர்த்தினால் குழி விழுந்தது. மொத்தம் எழுபதுக்கு மேலிருந்தது.

கப்டனுக்கு வழக்கமாக வேறு கரையிலிருந்து சூடை மீன் கொண்டுவரும் ஸெய்னுதீன் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"பாக்கியண்ணே, உங்கட கப்டன் பொம்புளை!"

"சும்மா பகிடி விடாதை."

"அல்லாவே, முட்டை கையில இரிக்கி, இன்னும் நம்பமாட்டாராம்!"

"உந்த முட்டையளை மணலிலை தாட்டா பொரிக்குமோ?"

ஸெய்னுதீன் சிரிப்பை நிறுத்தினான். "கூழ் முட்டை அண்ணே. ஆணைக் கண்டிருந்தாத்தானே. பாவம், மணலைத் தேடித்தான் தரையைப் பிறாண்டியிரிக்கி."

வீட்டில் நல்லம்மா கேட்டுவிட்டுச் சுளகைக் கீழே வைத்தாள். "பத்தொன்பது வருசம் கூடவே இருந்து ஆணோ பெண்ணோ எண்டு தெரியாத மனுசன். நல்லகாலம், நான் மூண்டு பெத்து உங்களுக்குக் காட்டிப்போட்டன்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று பின்னேரம் முழுவதும் தொட்டியின் விளிம்பில் இருந்தார். ஆமை நாலு வீச்சில் ஒரு சுவருக்குப் போனது, திரும்பியது, நாலு வீச்சில் மறு சுவருக்கு வந்தது. இதை அவர் பத்தொன்பது வருடம் பார்த்திருக்கிறார். உலாவுகிறது என்றே நினைத்திருந்தார்.

மறுநாள் மனேச்சர் இராசையாவிடம் போய், கப்டனைக் கடலில் விடப்போவதாகச் சொன்னார். பூட்டிய விடுதியின் திறப்புகள் இராசையாவிடம்தான் இருந்தன.

"உமக்கு விசரே? சண்டை முடிஞ்சு விடுதி திறந்தா சனம் அதைப் பாக்கத்தானே வரும்?"

"அதுக்கு ஏலாமல் கிடக்கு, ஐயா."

"அது போனா உம்முடைய வேலையும் போச்சு, பாசும் போச்சு. ஐம்பது வயசிலை எங்கை போய் வேலை கேப்பீர்?"

"அதையும் யோசிச்சனான்."

"முதலாளிக்கு நான் ஒண்டும் சொல்லமாட்டன். செத்துப்போச்சு எண்டு எழுதுவன். பிடிபட்டா எனக்குத் தெரியாது."

பிடிபட்டால் மறியல்தான், கம்பிக்குள் இருக்கவேண்டும். கடலாமையைத் தெருவில் கொண்டுபோவது குற்றம். தொட்டியில் வைத்திருந்த காலத்தில் ஒருவரும் வந்து கேட்டதில்லை.

ஸெய்னுதீனின் தள்ளுவண்டியில் ஈரச் சாக்குப் போட்டு, இருவருமாக ஆமையைத் தூக்கி வைத்தார்கள். சென்ரிக்குக் கொஞ்சம் முன்னால் ஸெய்னுதீன் நின்றுவிட்டான். அவனிடம் பாஸ் இல்லை. காவலில் நின்ற கடற்படைக்காரன் இளைஞன், காலி மாவட்டத்தான். சாக்கை விலக்கியவன் ஓரடி பின்னால் போனான். அடியில் ஏதாவது கட்டியிருக்கிறதா என்று கவிழ்த்துப் பார்க்கச் சொன்னான். ஓட்டைத் துவக்கின் பிடியால் தட்டிப் பார்த்தான்.

"இறைச்சிக்கா ஐயா?"

பாக்கியரத்தினம் தமக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னார்: "இறைச்சிக்கென்றால் சந்தைக்கல்லவா கொண்டுபோவேன். கடலிலிருந்து ஆமையைத் திருடி வருபவனைக் கண்டிருப்பாய், கடலுக்குத் திருடிக்கொண்டு போகிறவனைக் கண்டதுண்டா?"

அவன் சிரித்தான். பாஸை வாங்கி இருபுறமும் பார்த்தான். கடலுக்கு எதையாவது கொண்டுபோகலாம் என்றோ கூடாதென்றோ அதில் இல்லை. கால் மணித்தியாலம் தருவதாகச் சொல்லி, தானும் கூடவே வந்தான். வண்டிச் சில்லுகள் மணலில் புதைந்ததும், துவக்கை முதுகில் மாட்டிக்கொண்டு ஒரு பக்கத்தைப் பிடித்தான்.

தண்ணீரில் வைத்ததும் ஆமை அசையாமல் கிடந்தது. இரண்டு அலை அதன்மேல் போனது. பிறகு நீந்தியது. நாலு வீச்சு, திரும்பியது. நாலு வீச்சு, மறுபடி திரும்பியது. சுவர் இருந்த இடத்தில் வெறும் தண்ணீர்தான் இருந்தது.

"ஏன் போகுதில்லை?" என்று கடற்படைக்காரன் சிங்களத்தில் கேட்டான்.

பாக்கியரத்தினம் இடுப்பளவுக்கு இறங்கி, ஆமை திரும்பும் இடத்தில் நின்று, ஓட்டைப் பிடித்து வெளிப்பக்கமாகத் தள்ளினார். திரும்பி வந்தது. தள்ளினார். மூன்றாம் முறை பெரிய அலையொன்று அவரையும் விழுத்தியது. எழுந்து கண்ணைத் துடைத்தபோது ஆமை பக்கத்தில் இல்லை. தூரத்தில் ஒரு தலை தெரிந்தது போலிருந்தது. கரையில் நின்றவன் நேரமாகிவிட்டதென்று விசிலடித்தான்.

மூன்றாம் நாள் இராசையாவே வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு வாளி. அதற்குள் உள்ளங்கையளவு ஆமைக்குட்டி ஒன்று.

"அங்காலை, தடை இல்லாத கரையிலை கரைவலையிலை பட்டதாம். தொட்டி சும்மாதானே கிடக்கு? முதலாளிக்கு நான் இன்னும் எழுதேல்லை. பாஸ் முடிய ஒன்பது நாள் இருக்கு. உமக்காகத்தான் கொண்டுவந்தனான்."

நல்லம்மா வாசலில் நின்று புருசனின் முகத்தைப் பார்த்தாள். வீட்டில் வேறு வருமானம் இல்லை.

பாக்கியரத்தினம் வாளியை வாங்கினார். குட்டி நீந்திப்போய் வாளியின் ஓரத்தில் முட்டித் திரும்பியது.

"பெரிய உபகாரம் ஐயா" என்றார். கான்களைக் கட்டவில்லை. வாளியை மட்டும் சைக்கிள் கைபிடியில் மாட்டிக்கொண்டு சென்ரிப் பக்கம் மிதித்தார். இராசையா பின்னாலிருந்து கூப்பிட்டது கேட்டது.

அரை மணித்தியாலத்தில் வெறும் வாளியோடு திரும்பிவந்தார்.

அடுத்த மாதம் பாஸைப் புதுப்பிக்க அவர் போகவில்லை. சீனன்குடா வீதியில் ஓர் அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார். வீட்டிலிருந்து கடற்கரைக்கு அரைக் கட்டைத் தூரம்தான். சென்ரி எடுபட ஐந்து வருடம் ஆனது. அதுவரை அவர் கடலைப் பார்க்கவில்லை.